விரதகாரரும் நாக்கின் கீழ் வைத்த குளிசையும்

மதுரா போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இதயத்தை நெடுக்காக வெட்டிப் போட்ட படம். நாலு அறை, நாலு வால்வு, நீலமும் சிவப்புமாகக் குழாய்கள், எல்லாவற்றுக்கும் இங்கிலிசில் பெயர். கீழே, "அப்பா, இதைப் பாடமாக்கி எனக்கு விசர் பிடிக்குது. நாளைக்கு மருந்துப் பாடமும் இருக்கு. நீங்கள் எப்பிடி இதெல்லாம் படிச்சனீங்கள்?" என்று எழுதியிருந்தாள்.

பக்கத்தில் இருந்த மகன் கபிலன் எட்டிப் பார்த்தான். "அப்பா எங்கை படிச்சவர்? சைரனைப் போட்டுக்கொண்டு ஓடித் திரிஞ்சவர்" என்றான்.

அவன் சொன்னதிலும் பிழையில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் அம்புலன்ஸ் படிப்புப் படிக்கிற மகள் கேட்ட பிறகு ஒன்றும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ரெலிபோனில் கதைத்தால் பாதியில் மறந்து போவேன். அதனால் எழுதுகிறேன். இரண்டு பேரும் வாசியுங்கள். மதுராவோடு படிக்கிற பிள்ளைகளும் விரும்பினால் வாசிக்கட்டும். ஒன்று மட்டும்: மருந்தின் அளவுகளை உங்கள் ஆசிரியரிடமும் புத்தகத்திலும் படியுங்கள். அவை காலத்துக்குக் காலம் மாறும். நான் சொல்லப்போவது அந்த மருந்துகளை ஒரு மனிசனிடம் படிச்ச கதை.

சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு ஒட்டுசுட்டானில் எங்கள் வயல் பற்றைக்காடாகக் கிடந்தது. லொறி ஓடிக்கொண்டிருந்த எனக்கு ஆஸ்பத்திரி அம்புலன்சில் சாரதி வேலை கிடைத்தது. சில வருசத்தில் வவுனியாவில் பயிற்சி தந்து, பின்னுக்கு நோயாளியோடு இருக்கிற உதவியாளராக மாற்றினார்கள். அந்தப் பயிற்சியில் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. விளங்காத பாதியை விளக்கினவர் நஸீர் நானா.

நஸீர் நானா எங்கள் வண்டிக்குப் பொறுப்பான தாதிய உத்தியோகத்தர். முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவது. நெடுங்காலம் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். மெலிந்த ஆள், சத்தம் போட மாட்டார். காலமை வண்டிக்குள் ஏறினால் முதல் வேலை மருந்துப் பெட்டியைத் திறப்பதுதான். ஒவ்வொரு மருந்துக் குப்பியையும் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிப்பார். கலங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, திகதி கடந்துவிட்டதா என்று பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். நான் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்த கையோடு மூன்று கேள்வி வரும்.

"ஏன் குடுக்கிறது? எவ்வளவு? என்ன கெடுதல் செய்யும்?"

முதல் இரண்டுக்கும் மறுமொழி சொல்லி மூன்றாவதுக்கு நான் முழிப்பேன். "தம்பி, கெடுதல் தெரியாத மருந்தை நீங்கள் இன்னும் படிக்கேல்லை" என்பார். அவ்வளவுதான். ஏசமாட்டார். அடுத்த நாள் அதே குப்பியை மறுபடியும் நீட்டுவார்.

அதிரினலினும் அற்றோபினும் ஒரே மாதிரிச் சின்னக் குப்பிகள். அவற்றை அவர் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே விடமாட்டார். ஒன்று மேல் தட்டில், மற்றது கீழ்த் தட்டில். அதிரினலினின் கழுத்தில் சிவப்பு பிளாஸ்ரர் சுற்றியிருக்கும். ஊசியில் மருந்தை எடுத்தவர் பெயரையும் அளவையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் குப்பியைத் தன் கண்ணால் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் தேவாரம் பாடுகிற மாதிரிச் சொல்வதைக் கேட்டுச் சில நோயாளிகள் அந்த வேதனைக்குள்ளும் சிரித்திருக்கிறார்கள்.

இதயத்தை விளங்கிக்கொண்டது இன்னொரு விதம். ஒருநாள் நான் சொன்னேன், "நானா, எனக்கு இது எங்கடை வயல் மெசின் மாதிரித்தான் விளங்குது. கிணத்திலை இருந்து இழுத்து வாய்க்காலுக்குத் தள்ளுது."

"சரி. ஆனா ஒரு மெசின் இல்லை, ஒட்டிப் பிறந்த ரெண்டு மெசின்" என்றார். "வலது பக்கம் உடம்பு முழுக்கச் சுத்தி வந்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். அங்கை ஒட்சிசன் ஏத்திக்கொண்டு வாறதை இடது பக்கம் வாங்கி உடம்புக்குத் தள்ளும். வலது பக்கம் அனுப்பினாத்தான் இடது பக்கத்துக்கு வேலை. இழுக்கிற பைப்பிலை தண்ணி நிக்காட்டி உங்கடை மெசின் என்ன செய்யும்?"

"கத்தும். வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராது. வாளியிலை தண்ணி கொண்டுவந்து பைப்புக்குள்ளை ஊத்தோணும்."

"அதேதான். ஆனா ஒரு இடத்திலை உங்கடை மெசினுக்கும் இதுக்கும் ஒத்துவராது. மெசின் ஓடேக்கைதான் அதுக்கு எண்ணெய் போகும். இதயத்தின்ரை சதை தனக்கு வேண்டிய இரத்தத்திலை பெரும் பங்கை எடுக்கிறது அது தளர்ற நேரத்திலைதான். ஒவ்வொரு அடிக்கும் இடையிலை இருக்கிற அந்தச் சின்ன ஓய்விலை. கண்டபடி வேகமா அடிச்சா ஓய்வு குறையும், அதுக்கே பட்டினி."

மதுரா, உன் படத்தில் இருக்கிற நாலு அறையும் எனக்கு அன்றைக்குத்தான் உயிரோடு அசையத் தொடங்கின.

இப்போது தம்பிராசா அண்ணையின் கதைக்கு வருகிறேன். இது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று நடந்தது.

பொங்கலுக்கு ஒவ்வொரு வருசமும் எங்கள் வண்டியைக் கோயில் வீதிக்கு வெளியே நிற்பாட்டுவார்கள். வெயிலில் மயங்கி விழுகிறவர்கள், காலில் கொப்புளம் போட்டவர்கள், முதுகில் செடில் கொக்கி குத்தின காயம், இப்படித்தான் வருவார்கள். அன்றைக்குப் பின்னேரம் கடலோரக் களப்புப் பக்கமிருந்து அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் ஒரு மனிசனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அறுபது வயதை நெருங்கின ஆள், வேட்டி மட்டும். உடம்பெல்லாம் சந்தனமும் திருநீறும் வியர்வையில் கரைந்து ஓடின. முகம் சாம்பல் நிறம். ஒரு கையால் நெஞ்சைப் பொத்திப் பிடித்திருந்தார். பின்னால் அவருடைய மனிசி பரமேஸ்வரி அக்காவும், அக்காவின் தம்பி சிவஞானமும் வந்தார்கள்.

தம்பிராசா அண்ணை ஒட்டுசுட்டானில் இருந்து நடந்தே வந்தவர். கலியாணம் முடித்துக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்த மகளுக்குப் பிள்ளை கிடைத்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்து வந்து பொங்கல் முடியும்வரை விரதம் இருப்பேன் என்று நேத்தி வைத்தவர். பிள்ளையும் கிடைத்துவிட்டது.

"ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?" என்று நான் கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"தம்பி, நான் விரதகாரன். விடியத் துடங்கி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகேல்லை" என்றார்.

பிறஷர் பார்த்தேன். மேல் இலக்கம் எண்பதுக்குக் கிட்ட நின்றது. நாடியும் மெதுவாக அடித்தது. ஈ.சீ.ஜி. எடுக்க நெஞ்சில் ஸ்ரிக்கர்களை ஒட்டினால் ஒன்றும் ஒட்டுதில்லை. சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். நான் துடைக்கத் துடைக்க அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றா.

நஸீர் நானா தாளைப் பார்த்தார். "கீழ்ச் சுவர்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். இதயத்தின் கீழ்ப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டுவிட்டது. பிறகு ஒரு ஸ்ரிக்கரை நெஞ்சின் வலது பக்கத்துக்கு மாற்றி ஒட்டி இன்னொரு தாள் எடுத்தார். கீழ்ச் சுவர் அடிபட்டால் வலது மெசினும் சேர்ந்து அடிபட்டதா என்று பார்க்க அப்படித்தான் செய்வது. அடிபட்டிருந்தது. இரண்டு தாளையும் போனில் படம் பிடித்து ஆஸ்பத்திரி டொக்ரருக்கு அனுப்பினார்.

சுற்றி நின்ற சனம் பொறுக்கவில்லை. "ஒட்சிசனைப் போடுங்கோவன்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று ஒருவர் கத்தினார். நானா திரும்பி, "விரலிலை பூட்டியிருக்கிற மெசின் போதிய அளவு இருக்கு எண்டு சொல்லுது அண்ணன். அதுவும் ஒரு மருந்துதான், தேவையெண்டாக் குடுப்பன்" என்றார். அந்த அவசரத்திலும் அந்த ஆளுக்கு மறுமொழி சொல்ல அவருக்கு நேரம் இருந்தது.

அடுத்தது அஸ்பிரின் குளிசை. அடைபட்ட இடத்தில் இரத்தத் துணிக்கைகள் மேலும் மேலும் ஒட்டி, இரத்தக் கட்டி பெருக்காமல் தடுக்கிற மருந்து. விழுங்கினால் வேலை செய்யச் சுணங்கும், அதனால் பல்லால் கடித்துச் சப்பச் சொல்லிக் கொடுப்போம். நானா கையில் எடுத்ததும் தம்பிராசா அண்ணை வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அண்ணன், நானும் நோன்பு பிடிக்கிற ஆள்" என்றார் நானா. "வருத்தக்காரனுக்கு எங்கடை நோன்பிலை விலக்கு இருக்கு. உங்கடை அம்மா மட்டும் விடமாட்டாவோ?"

பல்லுக்குள்ளால், "அது உங்கடை நோன்பு, நானா" என்று மறுமொழி வந்தது.

பரமேஸ்வரி அக்கா முன்னுக்கு வந்தா. "இஞ்சை பாருங்கோ. அம்மாளாச்சிக்கு நான் பதில் சொல்லுறன். மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன். பொங்கல் முடியுமட்டும் என்ரை வாயிலை தண்ணி படாது. பேரனுக்கு அம்மப்பா வேணும். வாயைத் திறவுங்கோ!"

அவர் மனிசியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அழுதுகொண்டே சப்பினார்.

சப்பி முடித்ததும், "தலை பிளக்குது தம்பி" என்று நெற்றியைப் பிடித்தார். நானா எனக்குச் சொல்லித் தந்த இன்னொரு பழக்கம், கண்டதையும் கேட்டதையும் அப்படியே சத்தமாகச் சொல்வது. முடிவு சொல்லக் கூடாது, கண்டதை மட்டும். "நானா, தலை பிளக்குதாம். நெற்றியைப் பிடிக்கிறார்" என்றேன்.

நானா கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நெஞ்சு நோவோடு வந்தவருக்குத் தலை ஏன் பிளக்கிறது? நானாவின் கண் சிவஞானத்தில் போய் நின்றது. சிவஞானத்தின் கை சேட்டுப் பொக்கற்றைப் பொத்திக்கொண்டிருந்தது. நானா அவர் பக்கத்தில் போய், தோளில் கை வைத்துக் கதைத்தார்.

"அண்ணன், உங்களுக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கோ?"

"ஓம்... கிளினிக் காட்டுறனான்."

"அப்ப நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை உங்களிட்டை இருக்கும். மச்சான் துடிக்கேக்கை நீங்கள் சும்மா நிண்டிருக்க மாட்டியள். எத்தினை வைச்சனீங்கள்?"

சிவஞானம் அக்காவைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். "ரெண்டு. கோயில் வளைவடியிலை ஒண்டு. பிறகும் நோகுது எண்டார், இன்னொண்டு." பொக்கற்றில் இருந்து சின்னப் போத்தலை எடுத்து நீட்டினார். "அது விழுங்கிறேல்லைத்தானே நானா, நாக்குக்குக் கீழை கரையிறதுதானே. விரதம் முறியாது எண்டு நான்தான் சொன்னனான்."

"நீங்கள் சொன்னது பெரிய உதவி" என்றார் நானா. அந்த இடத்தில் ஒரு சொல் ஏசியிருந்தால் அந்த மனிசன் மற்றதையும் சொல்லியிருக்க மாட்டார். எந்த நேரம் வைத்தது, வைத்தவுடன் அண்ணைக்குக் கண் இருட்டியது, எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

மதுரா, இதுதான் உன் மருந்துப் பாடம். அந்தக் குளிசை இரத்தக் குழாய்களை விரிக்கும். தலையில் உள்ள குழாய்களும் விரிவதால் தலையிடி. உடம்பு முழுக்க நாளங்கள் விரியும்போது இரத்தம் அவற்றிலேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். சிவஞானத்தின் நெஞ்சுக்கு அது நன்மை, பாரம் குறைகிறது. ஆனால் தம்பிராசா அண்ணையின் வலது மெசின் அடிபட்டுக் கிடந்தது. அது திரும்பி வருகிற இரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விரதமும் வெயிலும் உடம்பில் இருந்த தண்ணீரை ஏற்கெனவே வற்றவைத்துவிட்டன. அதற்கு மேல் இரண்டு குளிசை.

பிறஷர் அவ்வளவு குறைந்தவருக்கு நாங்கள் அந்த மருந்தைக் கொடுத்திருக்க மாட்டோம். ஆனால் ஏன் குறைந்தது என்று தெரியாமல் இருந்தால் சேலைன் ஏற்றத் தயங்கியிருப்போம். இதயம் முழுக்கக் களைத்து நுரையீரலில் தண்ணீர் கோக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேலைனை ஓடவிட்டால் மூச்சு முட்டும். இப்போது காரணம் தெரியும். டொக்ரரும் போனில், "கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கோ, ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கேளுங்கோ" என்றார்.

அண்ணையை மட்டமாகப் படுக்கவைத்துக் காலுக்குக் கீழே போர்வையைச் சுருட்டி உயர்த்தினோம். நாளம் ஒன்றும் தெரியவில்லை, வற்றிப் போய்க் கிடந்தன. முழங்கை மடிப்பில் ஒன்றை விரலால் தடவித்தான் நானா கண்டுபிடித்தார். சேலைன் ஓடத் தொடங்கியது. பறை அடித்துக்கொண்டு வந்த காவடிக் கூட்டம் எங்கள் வண்டியைக் கண்டதும் அடியை நிற்பாட்டியது. சனம் இரண்டு பக்கமும் ஒதுங்க வண்டி வெளியே வந்தது. சிவஞானத்தை முன்னுக்குச் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றினோம். அக்கா பின்னுக்கு எங்களோடு.

பாதி வழியில் நாடி இன்னும் இறங்கியது. அண்ணையின் கண் மேலே செருகியது. அக்கா அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. மனிசி புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் பக்கத்தில் நான் அதுவரை கேட்டதில்லை.

நானா போனில் டொக்ரரிடம் ஒரு சொல் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார். "அற்றோபின்."

கீழ்த் தட்டில் இருந்து எடுத்தேன். கழுத்தில் சிவப்பு இல்லை. வண்டி குலுங்கியது. உடைத்து ஊசியில் எடுத்து, பெயரையும் அளவையும் சத்தமாகச் சொன்னேன். நானா குப்பியைத் திருப்பிப் பார்த்து அதையே சொன்னார்.

"ஏன்?" என்று கேட்டார். அந்த நேரத்திலும்.

"நாடி மெதுவா அடிக்குது, பிறஷரும் இல்லை. இதயத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற நரம்பின்ரை பிடியை இது விடுவிக்கும்."

"கெடுதல்?"

"கூட வேகமாக்கினா இதயத்துக்கே இரத்தம் காணாது."

"குடுங்கோ."

கொடுத்தேன். நானா அண்ணையின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தபடி அசையாமல் இருந்தார். அக்கா புருசனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தா. நான் இதய அடியைக் காட்டுகிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இருந்த வெளி கொஞ்சம் நெருங்கினது. பிறகு இன்னும் கொஞ்சம். நானா ஸ்ரெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், நுரையீரல் சுத்தமாக இருந்தது. அடுத்த அளவு சேலைனைத் திறந்துவிட்டார். மறுபடி பிறஷர் பார்த்தேன். எண்பதுக்கு மேலே ஏறியிருந்தது. இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

தம்பிராசா அண்ணை கண்ணைத் திறந்து, "பொங்கல் முடிஞ்சுதோ?" என்றார்.

"இன்னும் இல்லை. சத்தம் போடாமப் படுங்கோ" என்றா அக்கா.

ஆஸ்பத்திரி வாசலில் டொக்ரரும் ஆட்களும் ஆயத்தமாக நின்றார்கள். கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்கள். எங்கள் வேலை அந்த வாசலோடு முடிந்தது. பொங்கல் முடிந்தது என்று கோயிலில் இருந்து போன் வரும்வரை அக்கா தண்ணீர் குடிக்கவில்லை என்று வார்ட்டில் இருந்த பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து நானும் நானாவும் பார்க்கப் போனோம். வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் சிவஞானம் குந்தியிருந்தார். தாடி வழிக்கவில்லை, அதே சேட்டு. வந்த நாளில் இருந்து உள்ளே போகவே இல்லையாம்.

"எந்த முகத்தோடை போறது நானா? அக்கான்ரை தாலியை நானே அறுக்கப் பாத்தனான்."

நானா அவருக்குப் பக்கத்தில் இருந்தார். "நீங்கள் குளிசை வைச்சது தெரியாமச் செய்தது. மச்சான் நோவிலை கிடக்கேக்கை யாரும் செய்திருப்பினம். ஆனா அத்தினை சனத்துக்கு முன்னாலை, அக்காக்கு முன்னாலை, நான்தான் வைச்சனான் எண்டு சொன்னியள் பாருங்கோ, அதை எல்லாரும் செய்ய மாட்டினம். அதை வைச்சுத்தான் நாங்கள் என்ன செய்யிறது எண்டு முடிவெடுத்தது. எழும்புங்கோ. ஒருத்தருக்கு எழுதித் தந்த குளிசையை இனி மற்றவைக்குக் குடுக்காதேங்கோ, அவ்வளவுதான்."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் நஸீர் நானாவிடம் படித்ததில் பெரியது எது என்று யாராவது கேட்டால் மருந்து ஒன்றையும் சொல்லமாட்டேன். பயந்து நிற்கிற ஒருவரிடம் கேள்வி கேட்கிற விதத்தைத்தான் சொல்வேன். என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். இன்றைக்கு வவுனியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பெருநாளைக்குப் பெருநாள் போய்ப் பார்க்கிறேன்.

தம்பிராசா அண்ணை தலையணையில் சாய்ந்திருந்தார். நெஞ்சில் வயர்கள், பக்கத்தில் மெசின் சத்தம். சிவஞானத்தைக் கண்டதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"வந்திட்டாரோ டொக்ரர்? இண்டைக்கு என்ன குளிசை கொண்டந்தனி?"

சிவஞானம் கட்டிலடிக்கு வந்து நின்றார்.

"ரெண்டு நாளா வெளியிலை குந்தியிருக்கிறாய் எண்டு உன்ரை அக்கா சொன்னவா. எடேய், மூத்திரம் போறதுக்குப் பக்கத்துக் கட்டில்காரனைக் கெஞ்சிக்கொண்டு கிடக்கிறன். மச்சான் எண்டு ஒருத்தன் என்னத்துக்கு?"

சிவஞானத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்தார். அதைப் பார்த்து அண்ணைக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அவர் சிரிக்கச் சிரிக்க மெசின் டிக் டிக்கென்று வேகமாக அடிக்கத் தொடங்கியது. ஒரு தாதிப் பிள்ளை ஓடி வந்தாள்.

"ஐயோ, ஆர் இவ்வளவு பேரையும் உள்ளுக்கு விட்டது? வருத்தக்காரனுக்குச் சிரிப்புக் காட்டுறியளோ? வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ!"

அவளைத் தாண்டி சிவஞானம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தங்கச்சி, அது நல்ல சத்தமோ?" என்று கேட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா, நல்ல சத்தம்தான்" என்றாள். "மற்றவை போகட்டும். நீங்கள் நில்லுங்கோ."